உஷார்! அந்த நடு ஆறு இலக்கம்

அடுப்பில் கறி கொதித்தால் இறக்கிவைத்துவிட்டு வாருங்கள். இது அவசரத்தில் படிக்கும் விஷயம் இல்லை. ஆனால் இன்றைக்கே படித்துவிட வேண்டிய விஷயம்.

உங்கள் கைப்பையில் 12 இலக்க எண் ஒன்று இருக்கிறது. தேசிய அடையாள அட்டை. அதற்குப் பக்கத்திலேயே 16 இலக்க எண் இன்னொன்று. வங்கி அட்டை. இரண்டும் வாயில்லாப் பூச்சிகள் என்றுதானே நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள்?

வாய் இருக்கிறது! கேட்கத் தெரிந்தவன் கையில் அகப்பட்டால் உங்கள் வயது, பிறந்த திகதி, ஆணா பெண்ணா, எந்த வங்கி என்று எல்லாவற்றையும் கொட்டிவிடும். அதையே திருப்பி உங்கள் காதில் ஊதித்தான் உங்களை ஏமாற்றுவான்.

எங்கள் ஊரில் நடந்ததைச் சொல்கிறேன். யாழ்ப்பாணத் தீவுப்பகுதியில் புளியங்கூடல். பெயர் கேட்காதீர்கள். ஊரில் பாதி வீடு பூட்டிக் கிடக்கிறது, பிள்ளைகள் எல்லாம் கடல் கடந்துவிட்டார்கள். மிச்சப் பாதியில் ஒருவரை ஒருவர் தெரியாதவர் இல்லை. ஆகவே ஓர் அக்கா என்று மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். 67 வயது. தனியாக இருக்கிறார். மகள் கனடாவில்.

ஒரு நாள் காலை பத்து மணிக்குப் போன் வந்தது.

"வணக்கம் அம்மா. வங்கித் தலைமையகத்தில இருந்து கதைக்கிறம். நீங்கள் 1958 பங்குனி 17ஆம் திகதி பிறந்தனீங்கள்தானே?"

"ஓம் தம்பி."

"உங்கட அட்டையை எடுத்துக்கொண்டு வாங்கோ அம்மா. நான் வாசிக்கிறன், சரியோ எண்டு பாருங்கோ." முதல் ஆறு இலக்கத்தை வாசித்தான். சரி. கடைசி நான்கு இலக்கத்தை வாசித்தான். அதுவும் சரி.

"வெளிநாட்டில இருந்து வந்த காசு ஒண்டு உங்கட கணக்கில ஏறாமல் நிக்குது. நடுவில இருக்கிற ஆறு இலக்கத்தை மட்டும் நீங்கள் சொன்னால் விட்டுவிடலாம்."

அக்கா என்ன நினைத்திருப்பார்? பதினாறில் பத்தை அவனே சொல்லிவிட்டானே, வங்கிக்காரன் இல்லாமல் வேறு யார்? சொன்னார். பிறகு அட்டை எப்போது காலாவதியாகிறது என்று கேட்டான். சொன்னார். பின்பக்கத்து மூன்று இலக்கம். சொன்னார். குறுஞ்செய்தியில் வந்த ஆறு இலக்கம். அதையும் வாசித்துக் காட்டினார், கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, நிதானமாக, பிழைவிடாமல்.

ஒரு லட்சத்து எண்பத்தையாயிரம் ரூபாய் போய்விட்டது. மகள் வருவதற்கு முன் கூரையும் கிணற்றடியும் திருத்த வைத்திருந்த காசு.

"படிச்ச மனுசி, இப்பிடியா ஏமாறுறது?" என்று அயலில் கதைத்தார்கள். அதைக் கேட்டுத்தான் எனக்குக் கோபம். ஏமாந்தது படிப்புக் குறைவால் இல்லை. ஒரு நீளமான முழு எண் உள்ளே எப்படிக் கட்டப்பட்டிருக்கிறது என்று யாரும் எங்களுக்குச் சொல்லித் தரவில்லை. கள்ளன் அதைப் படித்துவிட்டு வந்திருந்தான். அவ்வளவுதான் வித்தியாசம்.

இப்போது அவன் படித்ததை நாமும் படிப்போம்.

முதலில் அந்தப் பிறந்தநாள். இரண்டு மாதத்துக்கு முன் அக்காவின் போனுக்கு ஒரு படிவம் வந்திருந்தது. அதிர்ஷ்டச் சீட்டிழுப்பாம். அடையாள அட்டை எண், வங்கியின் பெயர், பரிசுக் காசு போடுவதற்கு அட்டையின் "கடைசி நான்கு இலக்கம் மட்டும்". நான்குதானே என்று நிரப்பி அனுப்பியிருக்கிறார். பிறந்த திகதியை அந்தப் படிவம் கேட்கவே இல்லை. கேட்கத் தேவையும் இல்லை!

பழைய அடையாள அட்டையில் 9 இலக்கமும் ஓர் ஆங்கில எழுத்தும் இருக்கும். முதல் இரண்டு இலக்கம் பிறந்த ஆண்டு. அடுத்த மூன்று, அந்த ஆண்டில் நீங்கள் பிறந்தது எத்தனையாவது நாள் என்பது. பெண்ணானால் அந்த நாளோடு 500ஐக் கூட்டிவிடுவார்கள். பிறகு மூன்று இலக்க வரிசை எண். ஒன்பதாவது இலக்கம் சோதனை இலக்கம். 2016இலிருந்து வழங்கும் எண்ணுக்கு 12 இலக்கம். ஆண்டு நான்கு இலக்கமாயிற்று, வரிசை எண்ணும் நான்காயிற்று, எழுத்து போய்விட்டது. உள்ளே இருக்கும் கணக்கு அதேதான்.

அக்காவின் எண் 58 577 என்று தொடங்குகிறது. மிச்சத்தை எழுத மாட்டேன், நீங்களும் எங்கும் எழுதாதீர்கள். 58 என்றால் 1958. 577இல் 500ஐக் கழியுங்கள். பெண் என்று தெரிந்துவிட்டது. மிச்சம் 77. தைக்கு 31, மாசிக்கு 29, ஆக 60. மீதி 17. பங்குனி 17! (இலங்கையில் நாங்கள் தை, மாசி என்று சொல்வது ஆங்கில மாதங்களைத்தான். தமிழ்நாட்டு வாசகர்கள் குழம்ப வேண்டாம்.) 1958 லீப் ஆண்டு இல்லையே, மாசிக்கு 28 நாள்தானே என்று கேட்பீர்கள். நானும் என் அட்டையை வைத்துக்கொண்டு ஒருநாள் இடிக்கிறதே என்று ஒரு பின்னேரம் முழுக்கத் தலையை உடைத்தேன். அடையாள அட்டைக் கணக்கில் எல்லா ஆண்டும் மாசிக்கு 29 நாள்தான். இந்த விசித்திரம்கூட அந்தக் கள்ளனுக்குத் தெரிந்திருக்கிறது.

லண்டனில் கணித மேதை ராமானுஜனைப் பார்க்க, கணிதவியலாளர் ஹார்டி வந்த வாடகைக் காரின் எண் 1729. அதில் இரண்டு கனங்களின் கூட்டுத்தொகையாக இரண்டு விதமாய் எழுதக்கூடிய மிகச் சிறிய எண்ணைக் கண்டார் ராமானுஜன். ஓர் எண்ணைப் பார்த்ததும் அதன் உள்ளே புகுந்துவிடுகிற கண் அது. அதே கண் கள்ளனுக்கும் உண்டு. அவன் உங்கள் எண்ணில் காண்பது வேறு: பெண், 67 வயது, பட்டப்பகலில் வீட்டுப் போனை எடுக்கிறார், ஆகவே தனியாக இருக்கக்கூடும்.

உங்கள் பிறந்தநாளைச் சொன்னவன் உங்களைத் தெரிந்தவன் இல்லை! உங்கள் எண்ணைத் தெரிந்தவன்!

அடுத்தது வங்கி அட்டை. அவன் வாசித்த முதல் ஆறு இலக்கம் இருக்கிறதே, அது அக்காவின் எண்ணே இல்லை. வங்கியின் எண். 4இல் தொடங்கினால் விசா, 51 முதல் 55 வரை தொடங்கினால் மாஸ்டர்கார்ட். முதல் ஆறும் சேர்ந்தால் எந்த வங்கி, எந்த வகை அட்டை என்று பெரும்பாலும் தெரியும். அதே வங்கியில் அதே வகை அட்டை வைத்திருக்கும் ஆயிரக்கணக்கானவர்களுக்கும் அதே ஆறுதான். அதை வாசித்துக் காட்டுவது, "உங்கட வீடு இலங்கையிலதானே இருக்குது?" என்று கேட்பதற்குச் சமம். கடைசி நான்கு? கடையில் தருகிற பற்றுச்சீட்டிலேயே அச்சடித்து வருகிறது. அக்கா தன் கையாலேயே வேறு கொடுத்திருக்கிறார்.

இனி நடு ஆறு. இங்கேதான் எண்ணின் குணம் வேலை செய்கிறது, கொஞ்சம் பொறுத்துக் கேளுங்கள்.

16ஆவது இலக்கம் சும்மா வைத்தது இல்லை. முன்னால் இருக்கும் பதினைந்தையும் வைத்துக் கணக்கிட்டு வருவது. ஐபிஎம் நிறுவனத்தில் இருந்த ஹான்ஸ் பீட்டர் லூன் என்பவர் 1954இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்த முறை, 1960இல் கிடைத்தது. வாய்பாடு தெரிந்த பிள்ளை செய்துவிடும். இடமிருந்து ஒன்றுவிட்டு ஒன்றாக, முதலாவது, மூன்றாவது, ஐந்தாவது இலக்கங்களை இரண்டால் பெருக்குங்கள். ஒன்பதைத் தாண்டினால் வரும் இரண்டு இலக்கத்தையும் கூட்டி ஒன்றாக்குங்கள். மற்றவற்றை அப்படியே விடுங்கள். எல்லாவற்றையும் கூட்டினால் பத்தால் மீதியின்றி வகுபட வேண்டும்.

சோதனைக்கென்றே உலகம் முழுக்கப் பயன்படுத்தும் எண் ஒன்று உண்டு: 4111 1111 1111 1111. முதலில் நிற்கும் 4 எட்டாகும். அதே வரிசையில் இன்னும் ஏழு ஒன்றுகள், ஒவ்வொன்றும் இரண்டாகி 14. பெருக்காத ஒன்றுகள் எட்டு. 8, 14, 8. மொத்தம் 30. வகுபடுகிறது! சரியான எண். ஆனால் இதைக் கொண்டுபோய் ஒரு கட்டி சவர்க்காரம்கூட வாங்க முடியாது. (சொந்த அட்டையைத் தாளில் எழுதிச் செய்து பார்க்கிறவர்கள், செய்து முடிந்ததும் தாளை அடுப்பில் போட்டுவிடுங்கள். கொப்பியில் வைத்திருக்காதீர்கள்.)

இப்போது கணக்கைப் பாருங்கள். ஆறு இலக்கம் தெரியாது என்றால் பத்து லட்சம் வாய்ப்பு. ஆனால் லூன் கணக்கு நிற்க வேண்டுமே? அந்த ஆறில் ஐந்தை எப்படி வைத்தாலும் ஆறாவதற்கு ஒரே ஓர் இலக்கம்தான் பொருந்தும். ஆகவே பத்து லட்சம் ஒரு லட்சமாகச் சுருங்குகிறது. சரியாக ஒரு லட்சம், ஒன்று கூடாது, குறையாது. "கடைசி நான்கு மட்டும்தானே" என்று கொடுத்தோமே, அந்த நான்கு நூறு கோடி வாசலில் பெரும்பாலானவற்றை அடைத்துவிட்டு ஒரு லட்சத்தை மட்டும் மிச்சம் வைத்திருக்கிறது. அந்த ஒரு லட்சத்தில் தேடி அலைவானேன் என்று உங்களிடமே கேட்கிறான்.

இன்னொரு பொறி இருக்கிறது. இதில் விழுந்தவர் வயதானவர் இல்லை, கணினி படித்த பெடியன். பார்சல் ஒன்று சுங்கத்தில் நிற்கிறது, 250 ரூபாய் கட்டுங்கள் என்று இணைப்பு வந்தது. அவனுக்குச் சந்தேகம். புத்திசாலித்தனமாக ஒரு சோதனை செய்தான். அட்டை எண்ணில் ஓர் இலக்கத்தை வேண்டுமென்றே பிழையாகப் போட்டான். "எண் பிழை" என்று சிவப்பில் காட்டியது. சரியாகப் போட்டான். பச்சைச் சரி விழுந்தது. "பிழையைக் கண்டுபிடிக்குது, அப்ப வங்கியோட தொடர்பு இருக்கிற தளம்தான்" என்று மிச்சத்தையும் கொடுத்துவிட்டான்.

ஐயோ பிள்ளை! வங்கியோடு ஒரு தொடர்பும் இல்லை! மேலே தாளில் செய்தோமே அதே கூட்டல்தான். எந்தக் கள்ளனும் தன் பக்கத்தில் பத்து வரியில் எழுதி வைப்பான். ஓர் இலக்கம் பிழைத்தால் லூன் கணக்கு கட்டாயம் கண்டுபிடிக்கும். ஆனால் கண்ணை மூடிக்கொண்டு 16 இலக்கத்தை எழுதினாலும் பத்துக்கு ஒன்று தேறிவிடும். எண் சரி என்பதற்கும் ஆள் சரி என்பதற்கும் சம்பந்தமே இல்லை.

பச்சைச் சரியை நம்பாதீர்கள்! பூட்டுப் படத்தையும் நம்பாதீர்கள்!

பூட்டுப் படம் என்றதும் அந்தப் பெரிய எண்ணைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். இணையத்தில் முகவரிக்குப் பக்கத்தில் சின்னப் பூட்டு ஒன்று தெரிகிறதல்லவா, பல தளங்களில் அதன் பின்னால் 617 இலக்க முழு எண் நிற்கிறது. இரண்டு பெரிய முதன்மை எண்களைப் பெருக்கி வந்தது. முதன்மை எண் என்று நாங்கள் பள்ளிக்கூடத்தில் படித்ததைத் தமிழ்நாட்டில் பகா எண் என்பார்கள். பெருக்குவது நொடி வேலை. பெருக்கி வந்ததைக் கொடுத்து, எந்த இரண்டைப் பெருக்கினாய் என்று கேட்டால் உலகமே திணறுகிறது. 1977இல் இந்த முறையைக் கண்ட ரிவெஸ்ட், ஷமிர், ஏடல்மன் மூவரும் 129 இலக்க எண் ஒன்றைப் பகிரங்கமாகப் போட்டு, இதைப் பிரித்துக் காட்டுங்கள், 100 டொலர் பரிசு என்றார்கள். 17 ஆண்டு கழித்து, 1994இல், பல நாடுகளில் சிதறிக்கிடந்த நூற்றுக்கணக்கான பேர் தங்கள் கணினிகளை மாதக்கணக்கில் ஓடவிட்டுத்தான் அதைப் பிரித்தார்கள். 2020இல் 250 இலக்கம் வரை வந்திருக்கிறார்கள். 617 இலக்கம் இன்னும் அசையவில்லை.

அந்தப் பூட்டை அவன் உடைக்க மாட்டான். உடைக்கத் தேவையும் இல்லை. 617 இலக்கத்தைச் சுற்றிக்கொண்டு வந்து 6 இலக்கத்தை உங்கள் வாயாலேயே கேட்கிறான்.

பூட்டு என்ன சொல்கிறது? நீங்கள் அனுப்புவதை நடுவழியில் யாரும் பார்க்க முடியாது என்று சொல்கிறது. மறுமுனையில் இருப்பவன் நல்லவன் என்று சொல்லவில்லை. கள்ளனின் தளத்திலும் அதே பூட்டு, அதே பெரிய எண். உங்கள் அட்டை எண் மிகப் பாதுகாப்பாக அவனிடமே போய்ச் சேரும்.

பின்பக்கத்து மூன்று இலக்கத்தைப் பற்றி ஒரு சொல். அது லூன் கணக்கு போல யாரும் போட்டுப் பார்க்கக்கூடியது இல்லை. வங்கி தன் ரகசியச் சாவியால் செய்வது. ஆகவே அதை உங்களிடமிருந்துதான் பறிக்க முடியும். போனில் வரும் ஓடிபி (குறுஞ்செய்தியில் வந்த அந்த ஆறு இலக்கம்) அதைவிட ஒருபடி மேல். அதுதான் கடைசிக் கதவு. அக்கா அந்தக் கதவையும் திறந்துவிட்டு, உள்ளே வா தம்பி என்றார்.

கள்ளன் இல்லாமலே காசு தொலைகிற வழியும் இருக்கிறது. அதையும் சொல்லாமல் விட்டால் எனக்கு நித்திரை வராது.

தீவுப்பகுதி ஆட்களுக்கு ஒரு பெருமை உண்டு. எங்கள் பாட்டன்மார் கொழும்பிலும் தெற்கிலும் கடை வைத்துக் கணக்குப் பார்த்தவர்கள், எங்களைக் கணக்கில் ஏமாற்ற முடியாது என்று. அந்தக் கடைக் கணக்குப்பிள்ளைகளிடம் ஒரு வித்தை இருந்தது. இரவு கல்லாவும் கொப்பியும் ஒத்துவராவிட்டால், குறைகிற தொகையை ஒன்பதால் வகுத்துப் பார்ப்பார்கள். மீதியின்றி வகுபட்டால் களவென்று கத்த மாட்டார்கள். பக்கத்துப் பக்கத்து இலக்கம் இடம் மாறியிருக்கும் என்று தேடுவார்கள். 71,500ஐ 17,500 என்று எழுதினால் குறைவது 54,000. ஒன்பதின் மடங்கு. எந்த இரண்டு இலக்கத்தை மாற்றினாலும் வித்தியாசம் ஒன்பதில்தான் போய் விழும். இந்தச் சின்ன விஷயம் தெரியாததால் திருவிழாக் கணக்கில் நல்ல மனிதர் ஒருவரைக் கள்ளனாக்கி, அவர் கோயில் வாசலை மிதிக்காமல் இருந்ததை நான் கண்டிருக்கிறேன். குறைந்தது 36,000. ஒன்பதால் வகுபடும்! ஒருவருக்கும் அன்று அது தோன்றவில்லை.

இதன் மறுபக்கத்தையும் பாருங்கள். போன் எண்ணுக்கும் வாகன எண்ணுக்கும் கூட்டு எண் பார்க்கிறோமே, எட்டு வந்தால் வேண்டாம் என்று ஓடுகிறோமே, அந்தக் கூட்டு எண் வேறொன்றும் இல்லை, ஒன்பதால் வகுத்தால் வரும் மீதிதான் (மீதி இல்லையென்றால் ஒன்பது). இலக்கங்கள் இடம் மாறினால் அதற்குத் தெரியவே தெரியாது. 38ம் 83ம் அதற்கு ஒன்று. ராசியான எண் என்று பார்த்துப் பார்த்து வாங்கியவரின் காசும் பிழையான கணக்குக்குப் போகும்.

போயிருக்கிறது. கொழும்பில் இருக்கும் தம்பி ஒருவர், புளியங்கூடலில் இருக்கும் தன் அக்காவுக்கு (இவர் வேறோர் அக்கா) வங்கிச் செயலி மூலம் எண்பதாயிரம் அனுப்பினார். எண்ணை அக்கா வைபரில் வாயால் சொன்னார், தம்பி காதால் கேட்டு எழுதினார். நடுவில் 38 இருந்த இடத்தில் 83. அப்படியும் ஒரு கணக்கு இருந்திருக்கிறது! யாரோ முன்பின் தெரியாதவருக்குப் போய்விட்டது. அவர் சம்மதித்தால்தான் திருப்பலாம் என்றது வங்கி. அவர் போனை எடுக்கவில்லை. மாதக்கணக்கில் இழுபட்டு, பாதிதான் வந்தது.

பிரான்சிலும் சுவிசிலும் ஜெர்மனியிலும் இருக்கும் நம் பிள்ளைகளுக்கு இந்தப் பயம் குறைவு. அங்கே ஐபான் எண். பிரான்சில் 27 எழுத்தும் இலக்கமும், சுவிசில் 21. எழுத்துகளை எண்ணாக்கி, முதல் நான்கைப் பின்னால் கொண்டுபோய் வைத்தால் ஒரு பெரிய முழு எண் வரும். அதை 97ஆல் வகுத்தால் மீதி 1 வர வேண்டும். 97 முதன்மை எண். இரண்டு இலக்க முதன்மை எண்களில் ஆகப் பெரியது. ஓர் இலக்கம் பிழைத்தாலும், அடுத்தடுத்த இரண்டு இலக்கம் இடம் மாறினாலும் மீதி குழம்பிவிடும், எண் அந்த இடத்திலேயே நின்றுவிடும். இலங்கையில் ஐபான் இல்லை. கனடாவிலும் இல்லை. இங்கே வங்கிக்கு வங்கி கணக்கு எண்ணின் நீளமே வேறு. பாரிசில் பழகிய பிள்ளை, "பிழையெண்டால் சிஸ்டம் சொல்லும்தானே" என்ற நினைப்பில் ஊர்க் கணக்குக்கு அனுப்பும். சொல்லாது பிள்ளை! முதல் தரம் நூறு ரூபாய் அனுப்பு. அம்மாவிடம் வந்ததா என்று கேள். பிறகு மிச்சத்தை அனுப்பு. எண்ணை வாயால் வாங்காதே, எழுத்தில் வாங்கி அப்படியே ஒட்டு. பெறுபவரின் பெயரைத் திரையில் காட்டினால் நின்று வாசி.

அட்டைக்கு இருக்கும் லூன் கணக்காவது எல்லாவற்றையும் பிடிக்குமா என்றால், அதுவும் இல்லை. 09ஐ 90 என்று மாற்றினால் விட்டுவிடும். 22ஐ 55 என்றோ, 33ஐ 66 என்றோ, 44ஐ 77 என்றோ எழுதினாலும் விட்டுவிடும். இந்தியாவில் ஆதாருக்கு அதைவிடக் கெட்டியான முறை. நெதர்லாந்துக் கணிதவியலாளர் வெர்ஹூஃப் 1969இல் கண்டது. அடுத்தடுத்த இரண்டு இலக்கம் எங்கே மாறினாலும் பிடித்துவிடும். ஆனால் ஆதார் எண்ணைப் படம் பிடித்துக் குடும்பக் குழுவில் போடுகிறவரை வெர்ஹூஃப் வந்தா தடுக்க முடியும்?

சரி. இனிக் கவனமாகக் கேளுங்கள், அபாயம் எங்கே எங்கே என்று.

போனில் பேசுகிறவன் உங்களைப் பற்றிய உண்மையை முதலில் அவனாகவே சொல்கிறானா? அதுதான் முதல் அபாயம். வங்கி உங்களை யாரென்று சோதிக்கும். தன்னை நம்பச் சொல்லி உங்கள் பிறந்தநாளை உங்களுக்கே ஒப்புவிக்காது.

"மிச்சத்தை மட்டும்", "நடுவில இருக்கிறதை மட்டும்", "கடைசி நாலு மட்டும்". மட்டும் என்ற சொல் எங்கே வந்தாலும் போனை வையுங்கள்! துண்டு துண்டாகக் கொடுத்தாலும் முழுசாகக் கொடுத்ததுதான். இன்றைக்கு நான்கு, அடுத்த மாதம் ஆறு. அவன் கொப்பியில் சேர்த்து எழுதிக்கொண்டே இருக்கிறான்.

அவசரப்படுத்துகிறானா? பத்து நிமிடத்தில் கணக்கு முடங்கிவிடும், இன்றைக்கே பரிசு ரத்தாகிவிடும் என்கிறானா? வெட்டுங்கள். உங்கள் அட்டையின் பின்பக்கத்திலேயே வங்கியின் எண் இருக்கிறது. நீங்களாக அதற்கு எடுங்கள், அவன் தந்த எண்ணுக்கு இல்லை.

அடையாள அட்டையைப் படம் எடுத்து அனுப்பச் சொல்கிறானா? எதற்கு, யாருக்கு என்று கேளுங்கள். கொடுக்கத்தான் வேண்டும் என்றால் பிரதியின் குறுக்கே எதற்காகக் கொடுக்கிறீர்கள் என்றும் திகதியையும் பேனையால் எழுதிக் கொடுங்கள். மின்னஞ்சலில் வரும் கணக்குக்கூற்றுக்குப் பல இடங்களில் கடவுச்சொல்லே அடையாள அட்டை எண்தான் என்பதை மறக்காதீர்கள். பிறந்தநாளை ரகசிய எண்ணாக வைத்திருக்கும் அக்காமாரே, அண்ணைமாரே, இதை வாசித்து முடித்ததும் மாற்றுங்கள். அது உங்கள் அடையாள அட்டையில் அச்சடித்தே இருக்கிறது!

பேரப்பிள்ளையின் போனில் அட்டை எண்ணைச் சேமித்து வைத்திருக்கிறீர்களா? அட்டையின் இரண்டு பக்கத்தையும் வாட்ஸ்அப்பில் மகளுக்கு அனுப்பி வைத்திருக்கிறீர்களா, "தொலைஞ்சால் இருக்கட்டும்" என்று? அழியுங்கள். இரண்டு போனிலும்.

காசு போய்விட்டதா? வெட்கப்பட்டுக்கொண்டு வீட்டில் இருக்காதீர்கள். அந்த நிமிடமே வங்கிக்குச் சொல்லி அட்டையை முடக்குங்கள். பிறகு பொலிசில் முறைப்பாடு. இலங்கையில் கணினிக் குற்றங்களுக்கு 2007இன் 24ஆம் இலக்கச் சட்டமும், அட்டை மோசடிக்கு 2006இன் 30ஆம் இலக்கச் சட்டமும் இருக்கின்றன. அக்கா மூன்று நாள் யாருக்கும் சொல்லவில்லை. மகளுக்குக்கூடச் சொல்லவில்லை. அந்த மூன்று நாளில் அந்த அட்டையில் இன்னும் இரண்டு தரம் கைவைத்திருக்கிறார்கள். கணக்கில் ஒன்றும் மிச்சம் இல்லாததால் தப்பியது.

போன கிழமை அவருக்கு மறுபடி போன் வந்தது. வேறு குரல், மரியாதையான தமிழ். "அம்மா, நீங்கள் மோசடியில காசை இழந்தனீங்கள் எண்டு எங்களுக்கு முறைப்பாடு வந்திருக்கு. மீட்டுத் தாறதுக்குத்தான் எடுக்கிறம். உங்கட புது அட்டை இந்த ஆறு இலக்கத்தில தொடங்குது, சரிதானே?"

ஏமாந்தவர்களின் பெயரையும் எண்ணையும் வைத்திருந்து இரண்டாம் தரமும் வருவார்கள். இதையும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

அக்கா இந்த முறை அட்டையை எடுக்கப் போகவில்லை. முற்றத்தில் நின்றபடியே சொன்னாராம்:

"முன் ஆறை விடும் தம்பி. அது வங்கியின்ர. நடு ஆறைச் சொல்லும் பாப்பம்."

மறுமுனையில் கொஞ்ச நேரம் ஒரு சத்தமும் இல்லை. பிறகு இணைப்பு அறுந்துவிட்டது. எனக்கு இதைச் சொல்லும்போது அவர் முகத்தில் சிரிப்பு. எனக்கோ பயம்தான் வந்தது. "அக்கா, அடுத்த தரம் வாயும் குடுக்க வேண்டாம், எடுத்தவுடன வெட்டுங்கோ" என்றேன். கூரைக்கு இன்னும் தகரம் வாங்கவில்லை. மகள் ஆடியில் வருகிறாளாம்.